வளைந்த குழாயும் வழுவாத தளமும்

கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் கொம்பு ஒரே குழாயாகச் செய்யப்படுவதன்று. வளைந்த துண்டுகளைத் தனித்தனியே செய்து, ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி இணைக்கிறார்கள். இரு துண்டுகளும் ஒரே பக்கமாக வளையும்படி இணைத்தால் பிறை வடிவம் கிடைக்கும். இரண்டாவது துண்டைச் செருகிய இடத்திலேயே அரைச் சுற்றுத் திருப்பினால், அதே கொம்பு பாம்பு நெளிவது போன்ற வடிவத்தைப் பெறும். துண்டுகளின் நீளம் மாறவில்லை. வளைவின் அளவும் மாறவில்லை. திருப்பிய கோணம் ஒன்றுதான் மாறியது. ஆனால் பொருளின் உருவமே வேறாகிவிட்டது!

அரைச் சுற்றுக்குப் பதிலாகக் கால் சுற்று மட்டும் திருப்பினால் என்ன ஆகும்? கொம்பின் முனை பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தரையில் வைத்தால் படியாது. பிறை, பாம்பு ஆகிய இரு வடிவங்களும் ஒரே தளத்தில் அடங்குவன. கால் சுற்றுத் திருப்பிய வடிவம் அத்தளத்தை விட்டு வெளியேறிவிட்டது.

உலோகக் குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட வளைவுகளைப் போடும் தொழிலாளி யாராயினும், அவர் எதிர்கொள்ளும் பெரிய சிக்கல் இதுவே. ஒவ்வொரு வளைவையும் சரியான கோணத்தில் போட்டுவிடலாம். அவை ஒன்றுக்கொன்று சரியான தளத்தில் அமைய வேண்டுமே! இந்தச் சிக்கலை மனிதன் எவ்வாறு படிப்படியாக வென்றான் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உருண்டைக்கு மேல் எது, கீழ் எது?

சதுரக் கட்டைக்கு நான்கு முகங்கள் உண்டு. ஒரு முகத்தில் குறி வைத்தால் அது எப்பக்கம் இருக்கிறது என்று எப்போதும் தெரியும். உருண்டைக் குழாய்க்கோ மேல் என்றும் கீழ் என்றும் எதுவும் இல்லை. எப்படி உருட்டினாலும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே முதல் வளைவை எந்தத் திசையில் போட்டாலும் கவலையில்லை.

முதல் வளைவு விழுந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது குழாய்க்கு இரண்டு நேரான கால்கள் இருக்கின்றன. ஒன்றையொன்று வெட்டும் இரு நேர்கோடுகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பது நாம் பள்ளியில் படித்த வடிவியல் உண்மை. முதல் வளைவு அந்தத் தளத்தைத் தீர்மானித்துவிட்டது. இரண்டாவது வளைவைப் போடும்போது குழாயைத் தன் அச்சில் சரியான அளவு சுழற்றி, அந்தத் தளத்தோடு பொருந்தும்படி பிடிக்க வேண்டும். பிடியில் சிறிது நழுவினாலும் வளைவு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். மின்கம்பிக் குழாய் அமைக்கும் ஆங்கிலேய, அமெரிக்கத் தொழிலாளர்கள் இந்தக் குறைக்கு ‘நாய்க்கால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாயின் பின்னங்கால் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் புரியும்.

சிறு நழுவல் எவ்வளவு கெடுதி செய்யும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். வளைவுக்குப் பின் உள்ள காலின் நீளத்தை வளைவுக் கோணத்தின் சைன் மதிப்பாலும், சுழற்சிப் பிழையின் சைன் மதிப்பாலும் பெருக்கினால், காலின் முனை தளத்தை விட்டு எவ்வளவு விலகும் என்பது கிடைக்கும். 90 பாகை வளைவு, 1 மீட்டர் நீளக் கால், 1 பாகைப் பிழை என்று கொள்வோம். விலகல் சுமார் 17.5 மி.மீ. ஆகும். ஒரே ஒரு பாகைதான்! கடிகாரத்தின் நிமிட முள் பத்து வினாடியில் நகரும் அளவு. கண்ணுக்கே தெரியாத அந்தப் பிழை முனையில் ஒரு விரல் அகலமாக வளர்ந்துவிடுகிறது.

துண்டுகளாகச் செய்து இணைத்த காலம்

பழங்காலக் கைவினைஞர்கள் இச்சிக்கலை நேராக எதிர்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு சென்றனர் எனலாம். நமது கொம்பு அதற்கு நல்ல சான்று. ஐரோப்பாவிலும் இதே வழியைக் காண்கிறோம். இடைக்காலத்து எக்காளம் நீண்ட நேர்குழாயாக இருந்தது. தூக்கிச் செல்வது கடினம். சுமார் 1400 ஆம் ஆண்டை ஒட்டி அதனை நெளிவாகவும் பின்னர் மடக்கிய வடிவிலும் செய்யத் தொடங்கினர். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே பித்தளைத் தகட்டைச் சுருட்டி, விளிம்பைப் பற்றவைத்துக் குழாயாக்கினர். நேர்குழாய்கள் இரண்டு, அரைவட்டமாக வளைந்த துண்டுகள் இரண்டு, இறுதியில் விரிந்த வாய் ஒன்று எனத் தனித்தனியே செய்து, ஒன்றில் ஒன்றைப் பொருத்தினர். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு வளைவு. பொருத்தும்போது திருப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தவறினால் மீண்டும் திருப்பலாம்.

வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே உருக்கிய கீலையோ ஈயத்தையோ ஊற்றி இறுக வைப்பார்கள். வளைத்த பின் சூடேற்றி அதனை வெளியே வடித்துவிடுவார்கள். குழாயை வளைக்கையில் வெளிப்புறச் சுவர் இழுபட்டு மெலிகிறது; உட்புறச் சுவர் நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழப் பார்க்கிறது. உள்ளே நிரப்பிய பொருள் குழாய் நசுங்குவதையும் சுருக்கம் விழுவதையும் தடுக்கிறது. மணலை நிரப்பி வளைக்கும் வழக்கம் இன்றும் சிறு பட்டறைகளில் உண்டு.

இணைப்பு முறைக்கு ஒரு குறை இருந்தது. இணைப்பு என்பது எப்போதும் பலவீனமான இடம். ஊதும் கருவியில் காற்றுக் கசியும். நீரோ வாயுவோ செல்லும் குழாயில் அதனால் வரும் கேடு பெரிது.

வாயு விளக்கும் மரைக் குழாயும்

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாயு விளக்குகள் பரவின. 1812 இல் இலண்டனில் வாயு விளக்குக் கம்பெனிக்கு அரசு உரிமை வழங்கியது. தெருத்தெருவாக, வீடுவீடாக வாயுவைக் கொண்டு செல்ல ஏராளமான இரும்புக் குழாய்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் பழைய துப்பாக்கிகளின் குழல்களையே ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்தினர் என்பர். 1825 இல் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை ஒரு துளை வழியே இழுத்து, விளிம்புகள் ஒட்டிக்கொள்ளும்படி குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீண்ட குழாய்கள் மலிவாகக் கிடைத்தன.

மூலை திரும்புவதற்கு மரை வெட்டிய ‘எல்போ’ துண்டுகளைப் பயன்படுத்தினர். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயிலும் இவற்றைக் காணலாம். இங்கே தளச் சிக்கல் வேறு வேடத்தில் வந்து நின்றது. எல்போவை மரையில் ஏற்றும்போது, அது இறுக வேண்டிய இடமும், திரும்பி நிற்க வேண்டிய திசையும் ஒன்றாக இருப்பதில்லை. திசை சரியாக வரும்போது மரை தளர்ந்திருக்கும். மரை இறுகும்போது எல்போ சுவரைப் பார்த்து நிற்கும். திசைக்காகப் பின்னோக்கித் திருப்பினால் கசியும். ஆகவே இறுகத் தொடங்கிய பின் திசை வரும்வரை முன்னோக்கியே திருப்ப வேண்டும். குழாய் வேலை செய்யும் எவரையும் கேட்டுப் பாருங்கள். இந்தத் தொல்லையைப் பற்றி ஒரு கதை சொல்வார்.

இணைப்பே இல்லாமல் ஒரே குழாயில் எல்லா வளைவுகளையும் போட்டுவிட்டால் கசிவு இல்லை, செலவும் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை. போட்ட வளைவைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. கைவினைஞரின் ‘திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வசதி போய்விட்டது.

சைக்கிள் கைப்பிடி பிறப்பித்த நாற்காலி

1885 இல் ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் ரைன்ஹார்ட், மாக்ஸ் மன்னஸ்மன் என்ற சகோதரர்கள், உருண்டை எஃகுக் கட்டியைச் சாய்ந்த உருளைகளுக்கிடையே சுழலவிட்டு, தையலே இல்லாத குழாயாக்கும் முறையைக் கண்டனர். பற்றவைத்த விளிம்பு இல்லாததால் இக்குழாய் எப்பக்கம் வளைத்தாலும் பிளக்காது. சைக்கிள் தொழிலும் அதே காலத்தில்தான் வேகமாக வளர்ந்தது. மெல்லிய எஃகுக் குழாயை வளைப்பது அன்றாட வேலையாயிற்று.

சைக்கிளின் கைப்பிடியைக் கவனியுங்கள். நடுவில் ஒரு புள்ளி. இருபுறமும் ஒத்த வளைவுகள். ஒருபுற வளைவு மறுபுறத்தை விடச் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தாலும் ஓட்டுபவரின் கை உடனே உணர்ந்துவிடும். இந்தியாவில் 1949 இல் சென்னைக்கருகே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், 1955 இல் ஆவடியில் அதற்கான எஃகுக் குழாய்த் தொழிற்சாலையும் நிறுவப்பட்டபோது, இந்தக் கலை நம் மண்ணிலும் பெருந்தொழிலாயிற்று.

ஆனால் வளைந்த குழாயை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். ஹங்கேரியில் 1902 இல் பிறந்த மார்செல் பிராயர், ஜெர்மனியின் டெஸ்ஸௌ நகரில் இருந்த பௌஹௌஸ் என்னும் கலைத்தொழிற் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1925 வாக்கில் அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். அதன் கைப்பிடியின் உறுதியும் இலேசும் அவரைக் கவர்ந்தன. கைப்பிடி செய்ய முடிந்த குழாயில் நாற்காலி செய்ய முடியாதா? குழாய் வேலைக்காரர் ஒருவரின் உதவியோடு முதல் எஃகுக் குழாய் நாற்காலியை உருவாக்கினார். பின்னாளில் அது ‘வாசிலி நாற்காலி’ என்ற பெயரில் உலகப்புகழ் பெற்றது.

அடுத்த ஆண்டு, 1926 இல், மார்ட் ஸ்டாம் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர் பின்னங்கால்களே இல்லாத நாற்காலியைச் சிந்தித்தார். அவர் செய்த முதல் மாதிரி எதனால் ஆனது தெரியுமா? நேரான வாயுக் குழாய்த் துண்டுகளையும் எல்போக்களையும் இணைத்து அதைச் செய்தார்! துண்டுகளாகச் செய்து திருப்பிப் பொருத்தும் பழைய வழியே அது. 1927 இல் ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டபோதுதான் வளைத்த குழாயால் ஆன நாற்காலி வந்தது.

இவ்வகை நாற்காலியின் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். முதுகின் மேல் மூலைகளில் இரண்டு, முதுகும் இருக்கையும் சேரும் இடத்தில் இரண்டு, இருக்கையின் முன்முனையில் இரண்டு, தரையைத் தொடும் இடத்தில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு; ஆகப் பத்து வளைவுகள். சில வளைவுகள் செங்குத்துத் தளத்தில், சில கிடைத் தளத்தில். ஒன்று சாய்ந்தாலும் நாற்காலி தரையில் படியாமல் ஆடும். இந்த வேலைக்குத் தரையை விடக் கண்டிப்பான தேர்வாளர் வேறு இல்லை.

பட்டறையில் கண்ட உபாயங்கள்

விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத தொழிலாளர்கள் தளத்தைக் காப்பாற்றப் பல எளிய உபாயங்களைக் கையாண்டனர். அவற்றுள் நான்கினைப் பார்ப்போம்.

முதலாவது, கோடு. வளைக்கும் முன்பே குழாயின் முழு நீளத்துக்கும் அச்சுக்கு இணையாக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். உருண்டையின் மேல் நேர்கோடு இழுப்பது எப்படி? குழாயைச் சமதளத்தில் உருளாதபடி நிறுத்தி, குழாயின் விட்டத்தில் பாதி உயரமுள்ள மரக்கட்டையின் மேல் பென்சிலை வைத்து, கட்டையைக் குழாயை ஒட்டியே தள்ளிச் சென்றால் போதும். இக்கோடு எப்பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்தால் குழாய் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். உருண்டைக் குழாய்க்கு மேல், கீழ் கற்பித்தாயிற்று!

இரண்டாவது, கண். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் நீளவாக்கில் பார்க்க வேண்டும். வளைவுகள் ஒரே தளத்தில் இருந்தால் முன்கால் பின்காலை முழுவதும் மறைக்கும். சிறிது எட்டிப் பார்த்தால் நாய்க்கால் விழுந்துவிட்டது என்று பொருள். அம்பு செய்பவன் அம்பின் நேர்மையைப் பார்த்த அதே முறைதான் இது.

மூன்றாவது, தரை. சமதளமான தரையில் கிடத்தினால் ஒரே தளத்துக் குழாய் முழுவதும் படியும். தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள வளைவே குற்றவாளி. தரையில் சுண்ணக்கட்டியால் வடிவத்தை வரைந்துகொண்டால் கோணங்களையும் அதன்மேல் வைத்துச் சரிபார்க்கலாம்.

நான்காவது, ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் அதே கருவிதான். குழாயின் ஒரு முனையில் சிறிய ரசமட்டத்தை இறுகக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வளைத்தால், எல்லா வளைவுகளும் ஒரே தளத்தில் விழும். மேலே செல்லும் வளைவும் கீழே செல்லும் வளைவும் அடுத்தடுத்து வரும்போது குழாயைச் சரியாக அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். அதற்கும் குமிழியே சாட்சி.

மின்கம்பி செல்லும் கண்டூட் குழாயை எடுத்துக்கொள்வோம். சுவரில் 10 செ.மீ. துருத்திக்கொண்டிருக்கும் உத்தரத்தைத் தாண்ட, 30 பாகையில் ஒரு வளைவும் எதிர்த்திசையில் 30 பாகையில் மற்றொரு வளைவும் போடுவர். 30 பாகையின் சைன் மதிப்பு அரை. எனவே இரு வளைவுகளுக்கும் இடைப்பட்ட தூரம் துருத்தலைப் போல் இரு மடங்கு, அதாவது 20 செ.மீ. தொழிலாளி இதை ‘இரண்டால் பெருக்கு’ என்று மனப்பாடமாக வைத்திருப்பார். அவர் கையில் திரிகோணவியல் இருக்கிறது, பெயர்தான் வேறு. இரண்டாவது வளைவில் 5 பாகை சுழற்சிப் பிழை நேர்ந்தால், அதற்கப்பால் 2 மீட்டர் செல்லும் குழாயின் முனை சுமார் 87 மி.மீ. தள்ளிப்போகும். ஆணியடித்து இழுத்துப் பிடிக்கலாம். ஆனால் எதிரே இருக்கும் பெட்டியின் துளையில் அது நுழையாது. குழாய் வீணாகும், நேரமும் வீணாகும்.

வளைத்ததை நிமிர்த்தி மீண்டும் வளைத்தால் என்ன? ஒருமுறை வளைந்த உலோகம் அந்த இடத்தில் கடினமாகிவிடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதை நாம் அறிவோம். மேலும் மெலிந்த சுவர் மேலும் மெலியும். எனவே குழாய் வளைப்பவர் மன்னிப்பில்லாத தொழிலைச் செய்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

உயிர்கள் தொங்கும் குழாய்

நாற்காலி ஆடினால் ஓர் அட்டையை மடித்து வைத்துச் சமாளிக்கலாம். விமானத்தில் அது முடியுமா? விமானத்தின் இறக்கைப் பகுதிகளையும் சக்கரங்களையும் இயக்கும் எண்ணெய், மெல்லிய குழாய்களில் மிகுந்த அழுத்தத்தில் பாய்கிறது. இடுக்கான இடங்களில் நெளிந்து செல்லும் ஒரு குழாயில் பல வளைவுகள் இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தளத்தில். தளம் சிறிது பிசகினால் குழாயின் முனை பொருத்துவாய்க்கு எதிரே நேராக நிற்காது. மரையை முடுக்கி இழுத்து இணைத்துவிடலாம் என்று தோன்றும். அதுவே ஆபத்து. இழுத்துப் பொருத்திய குழாயில் நிலையான ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதன்மேல் எஞ்சினின் அதிர்வு இடைவிடாது சேரும்போது உலோகம் களைப்புற்று வெடிப்பு விழும். ஆகவேதான், குழாய் தானாகவே இடத்தில் பொருந்த வேண்டும், இழுத்துப் பொருத்தக் கூடாது என்று விமானப் பராமரிப்பு விதிகள் வற்புறுத்துகின்றன.

இங்கே கோடும் கண்ணும் போதவில்லை. குழாயின் பின்முனையைப் பற்றிக்கொள்ளும் சுழல் பிடியும், அதன்மேல் பாகைகள் குறித்த வட்டமும் கொண்ட வளைப்பு இயந்திரங்கள் வந்தன. இயந்திரம் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று எண்களை மட்டுமே கேட்கும். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும்? எவ்வளவு சுழற்ற வேண்டும்? எவ்வளவு வளைக்க வேண்டும்? எவ்வளவு சிக்கலான குழாயானாலும் இந்த மூன்று எண்களின் வரிசையாக எழுதிவிடலாம்.

இந்த எண்களைக் கண்டுபிடிப்பது எப்படி? 1970களில் அமெரிக்காவின் ஹோமர் ஈட்டன் என்ற பொறியாளர், மனிதக் கைபோலப் பல மூட்டுகள் கொண்ட அளவுக் கருவி ஒன்றை உருவாக்கினார். மாதிரிக் குழாயின் நேரான பகுதிகளை அந்தக் கையால் தொட்டால், ஒவ்வொன்றும் எத்திசையில் செல்கிறது என்பதை மூட்டுகளின் கோணங்களைக் கொண்டு கணிப்பொறி கணக்கிடும். அடுத்தடுத்த இரு கால்களின் திசையிலிருந்து வளைவுக் கோணம் கிடைக்கும். அடுத்தடுத்த மூன்று கால்கள் இரண்டு தளங்களைத் தருகின்றன. அத்தளங்களுக்கு இடையே உள்ள கோணமே சுழற்சி. பட்டறைத் தொழிலாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்டதை, கணிப்பொறி வெக்டர் கணக்காகக் கண்டது. இன்று ஒளிப்படக் கருவிகளும் லேசர் கதிர்களும் தொடாமலே அளக்கின்றன. அடிப்படைக் கேள்வி மாறவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள கெட்டியான கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறிகள் இடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பக்கமாகச் செங்கோணத்தில் வளையுங்கள். மேசைமேல் கிடத்திப் பாருங்கள். இரு கால்களும் படிகின்றனவா? முதல் முயற்சியில் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதைக் காலின் நீளத்தால் வகுத்தால் உங்கள் சுழற்சிப் பிழையின் சைன் மதிப்பு கிடைக்கும். அட்டவணையில் பார்த்துப் பாகையைக் கண்டுபிடியுங்கள். பிறகு இன்னொரு கம்பியில் முதலிலேயே ஒரு கோடு இழுத்துவிட்டுச் செய்து பாருங்கள். பிழை எவ்வளவு குறைந்தது?

அடுத்த முறை வகுப்பறையில் இரும்புக் குழாய் நாற்காலியில் அமரும்போது அது ஆடவில்லையென்றால், சற்றுக் குனிந்து அதன் கால்களைப் பாருங்கள். எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு கணம் நிறுத்தி, எந்தப் பக்கம் மேல் என்று கேட்டிருக்கிறார்.